மாற்றிக் கட்டிய 1965–66 மஸ்டாங் கன்வர்ட்டிபிள்: விலை பேசுமுன் அசலைச் சோதிப்பது எப்படி

அறுபது வயதான ஃபோர்டு மஸ்டாங்கில் யார் கையும் படாத வண்டியைத் தேடினால் கிடைக்காது. எஞ்சின் மாறியிருக்கும், டிரம் பிரேக் போய் டிஸ்க் வந்திருக்கும், மூன்று கியர் இருந்த இடத்தில் ஐந்து கியர் இருக்கும். இதில் தவறே கிடையாது. நன்றாக மாற்றிய வண்டியை ஓட்டுவது அசலை ஓட்டுவதைவிடச் சுகம் என்பதுதான் உண்மை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கூபேயின் (நிலையான கூரை கொண்ட வகை) கூரையை அறுத்துவிட்டு கன்வர்ட்டிபிள் (கூரையை மடிக்கும் வகை) என்பார்கள். ஆறு சிலிண்டர் வண்டியில் வி8 இறக்கிவிட்டு பிறவியிலேயே வி8 என்பார்கள். பனி விளக்கும் கோடும் ஒட்டிவிட்டு ஜிடி (வேகத்துக்கான கூடுதல் பாகங்களோடு வந்த வகை) என்பார்கள். வாங்குபவர் பார்க்க வேண்டியது விற்பவரின் வாய்ச்சொல்லும் வண்டியின் தகடும் ஒன்றையே சொல்கின்றனவா என்பதை.

1965, 66 மாடல்களில் இது கூடுதலாகக் கடினம். 1967 முதலான ஃபோர்டு வண்டிகளுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்று ஒன்று வாங்கலாம். ஃபோர்டின் தயாரிப்புப் பதிவுகளை உரிமத்தோடு வைத்திருக்கும் மார்ட்டி ஆட்டோ ஒர்க்ஸ், வண்டி எண்ணைக் கொடுத்தால் தொழிற்சாலையிலிருந்து என்னென்ன பொருத்தி வெளியே வந்தது என்று எழுதிக் கொடுக்கும். 65–66க்கு அந்த ரிப்போர்ட் கிடையாது. யாராவது 65 மாடலுக்கு மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது என்றால் அங்கேயே உஷாராகிவிடலாம். இணையத்தில் வண்டி எண்ணைத் தட்டினால் விபத்து வரலாறு சொல்லும் சேவைகளும் உதவாது. அவை 1981இல் வந்த 17 இலக்க எண்ணை நம்பி இயங்குபவை. பழைய மஸ்டாங் எண்ணில் மொத்தமே 11 இடங்கள். ஆக, இரும்பைப் படிக்கத் தெரிந்தாக வேண்டும்.

படிக்கும்போது ஒரே கணக்குதான். போல்ட்டும் நட்டும் போட்டு மாட்டியது எதுவும் சாட்சி ஆகாது. அதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிடலாம். பஞ்ச் அடித்த எண், வார்ப்பில் வந்த தேதி, தொழிற்சாலையில் ஸ்பாட் வெல்டிங் ஆன தகடு, இவைதான் பேசும்.

எண்ணைப் படித்தல்

எண்ணைப் படிக்கப் பழக, உலகின் மிகப் பிரபலமான மஸ்டாங் எண்ணையே எடுத்துக்கொள்வோம்: 5 எஃப் 08 எஃப் 100001. வரிசை எண் ஒன்றாக வந்த வெள்ளை கன்வர்ட்டிபிள் இது. 1964 ஏப்ரலில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் தவறுதலாக விற்றுப்போய், பின்னர் ஃபோர்டு திரும்பப் பெற்று, இப்போது டியர்பார்னில் தி ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

முதல் 5 என்பது 1965 மாடல். 1964இல் செய்த வண்டிகளுக்கும் 5தான். ‘64½’ என்பது ஆர்வலர்கள் வைத்த பெயர், எண்ணில் அது இருக்காது. 66 மாடலுக்கு 6. அடுத்த எழுத்து தொழிற்சாலை: எஃப் என்றால் டியர்பார்ன், ஆர் என்றால் கலிபோர்னியாவின் சான் ஹோசே, டி என்றால் நியூ ஜெர்சியின் மெட்டச்சன். அடுத்து வரும் இரண்டு இலக்கம்தான் நமக்கு உயிர்நாடி. 07 கூபே, 08 கன்வர்ட்டிபிள், 09 ஃபாஸ்ட்பேக் (கூரை வால்வரை சரிந்து இறங்கும் வகை). 07 என்று பஞ்ச் அடித்த வண்டி எந்தக் கதை சொன்னாலும் கூபேயாகப் பிறந்ததுதான்.

அதன்பின் வரும் எழுத்து எஞ்சின். 1964 ஆகஸ்ட் நடுப்பகுதிக்கு முந்தைய வண்டிகளில் யு (170 கன அங்குல ஆறு சிலிண்டர்), எஃப் (260 வி8), டி (289, நான்கு பேரல் கார்புரேட்டர், 210 குதிரைத்திறன்). அதற்குப் பின் டி (200 கன அங்குல ஆறு சிலிண்டர்), சி (289, இரண்டு பேரல், 200 குதிரைத்திறன்), ஏ (289, நான்கு பேரல், 225). கே என்பது 271 குதிரைத்திறன் ஹை பெர்ஃபாமன்ஸ் 289. 1964 ஜூனில் தொடங்கி இரண்டு காலத்திலும் உண்டு. ஆங்கிலத்தில் இரண்டு ‘டி’ எழுத்துகள் இருப்பதைத் தமிழில் பேசும்போது குழப்பிக்கொள்ள வேண்டாம்: வி8க்கு வருவது நான்காம் எழுத்து, ஆறு சிலிண்டருக்கு வருவது இருபதாம் எழுத்து.

கடைசி ஆறு இலக்கம் வரிசை எண். ஒவ்வொரு தொழிற்சாலையிலும் ஒவ்வொரு மாடல் ஆண்டும் 100001இல் தொடங்கும்.

எண் எங்கே இருக்கிறது? டாஷ்போர்டில் தேட வேண்டாம். அது பின்னால் வந்த வழக்கம். பானட்டைத் திறந்தால் ஓட்டுநர் பக்க (அமெரிக்க வண்டி, ஆகவே இடது பக்க) ஏப்ரன் தகட்டின் (எஞ்சின் அறையின் பக்கச் சுவர்) மேல் விளிம்பில், ஷாக் டவருக்கு (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் கூண்டு) முன்னால் பஞ்ச் அடித்திருக்கும். ஃபென்டரின் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள வெளித்தகடு) ஓரத்தில் எண் தெரிவதற்காக ஒரு வெட்டு விட்டிருப்பார்கள். இதே எண்ணை ஃபென்டர் மூடி மறைக்கும் இடங்களிலும் தொழிற்சாலை அடித்தது. வலது பக்க ஏப்ரனிலும் பாருங்கள். ஃபென்டரின் மேல் வரிசை போல்ட்டுகளைக் கழற்றி லேசாகத் தூக்கினால் சிறு கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் படிக்கலாம். விலை உயர்ந்த வண்டியென்றால் இதற்கு அனுமதி கேளுங்கள். வெளியே தெரியும் எண்ணும் மறைந்த எண்ணும் வேறாக இருந்தால் பேச்சுவார்த்தை அத்தோடு முடிந்தது. அமெரிக்காவில் வண்டி எண்ணை அகற்றுவதும் மாற்றுவதும் கூட்டரசுக் குற்றம். அப்படிப்பட்ட வண்டியை வாங்கியவர் பணத்தையும் இழப்பார், வண்டியையும் இழப்பார்.

எண்ணைவிட எண் இருக்கும் தகடுதான் பெரிய சாட்சி. துருவேறி ஒழிந்த கன்வர்ட்டிபிளின் 08 ஏப்ரனை அறுத்தெடுத்து நல்ல கூபேயில் பற்றவைப்பது பழைய வித்தை. தொழிற்சாலையின் ஸ்பாட் வெல்டிங் சின்ன வட்டக் குழியாக, கிட்டத்தட்ட சம இடைவெளியில், தீய்ந்த அடையாளம் இல்லாமல் இருக்கும். பின்னால் பற்றவைத்தவர் துளை போட்டு மிக் வெல்டிங்கால் நிரப்பி கிரைண்டரால் தேய்த்திருப்பார். வட்டம் பெரிதாகவும் இடைவெளி ஒழுங்கில்லாமலும் இருக்கும். இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. பேட்டரி உட்காருவது வலது பக்க ஏப்ரனில். ஆசிட் கசிந்து அந்தப் பக்கம் அரித்துப்போவது வழக்கம், அதை மாற்றியிருப்பது இயல்பு. இடது பக்கம் அரிக்க ஆசிட் கிடையாது. வலது பழையதாகவும் இடது புதியதாகவும் இருந்தால், விபத்தில் மாற்றியதா, எண்ணுக்காக மாற்றியதா என்று கேட்டே ஆக வேண்டும். விபத்து என்றால் முன்பக்க ஃபிரேம் ரெயிலிலும் ரேடியேட்டர் சப்போர்ட்டிலும் அதன் தழும்பு இருக்கும்.

கதவுத் தகடு: படியுங்கள், நம்பாதீர்கள்

ஓட்டுநர் கதவின் பின் ஓரத்தில் ரிவெட் அடித்த சிறு தகட்டில் பாடி, நிறம், உள் அலங்காரம், தேதி, விற்பனை மாவட்டம், ஆக்சில், கியர் பாக்ஸ் ஆகிய குறியீடுகள் வரிசையாக இருக்கும். கன்வர்ட்டிபிள் 76இல் தொடங்கும்: 76ஏ சாதாரண உள் அலங்காரம், 76பி சீட்டில் ஓடும் குதிரைகள் பதித்த அலங்கார வகை, 76சி முன்னால் பெஞ்ச் சீட். கூபே 65, ஃபாஸ்ட்பேக் 63. கியர் பாக்ஸ் இடத்தில் 1 என்றால் மூன்று கியர், 6 என்றால் சி-4 ஆட்டோமேட்டிக், 5 என்றால் நான்கு கியர். இந்த 5ஐக் காட்டி ‘ஐந்து கியர் அசல்’ என்று சொல்பவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் மஸ்டாங்குக்கு ஐந்து கியரே கிடையாது.

தேதியில் நாள் முன்னால், மாத எழுத்து பின்னால். ஜனவரிக்கு ஏ என்று தொடங்கி வரும். ‘ஐ’ எழுத்தைத் தாண்டிவிடுவார்கள், எனவே ஆகஸ்ட் எச், செப்டம்பர் ஜே. நிறக் குறியீட்டில் எம் என்றால் விம்பிள்டன் வெள்ளை.

இந்தத் தகட்டைப் புதிதாக அடித்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. கதவையே முழுதாக மாற்றுவதும் அரை மணி நேர வேலை. ஆகவே தகடு சொல்வதை மற்ற இடங்களோடு ஒத்துப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். தகடு வெள்ளை என்கிறதா? டாஷ்போர்டுக்கு அடியில், கால் பக்கத்துக் கிக் பேனலுக்குப் பின்னால், டிக்கியின் உள் மூலையில் பாருங்கள். வெளியே எத்தனை முறை சிவப்பு அடித்தாலும் அங்கே முதல் நிறம் எட்டிப் பார்க்கும். தகட்டில் உள்ள வண்டி எண் ஏப்ரன் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்பதையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

கூரை அறுத்த கூபேயா?

ஏன் அறுக்கிறார்கள் என்பதற்கு எண்ணிக்கையே விடை. 1966 மாடலில் கூபே 4,99,751 வந்தது, கன்வர்ட்டிபிள் 72,119தான். அதற்கு முந்தைய நீண்ட 65 மாடல் காலத்தில்கூட கன்வர்ட்டிபிள் 1,01,945. கூபே மலிவு, கன்வர்ட்டிபிள் கிராக்கி; நடுவில் ஒரு ரம்பம்.

மஸ்டாங்குக்குத் தனி சேசிஸ் கிடையாது. பாடியே சேசிஸ். கூரையை எடுத்தால் பாதி பலம் போய்விடும் என்பதால் ஃபோர்டு கன்வர்ட்டிபிளின் அடிப்பகுதியைத் தனியாகவே கட்டியது. வண்டியை நான்கு ஸ்டாண்டில் ஏற்றி, அடியில் படுத்துப் பார்க்க வேண்டியவை இவை.

கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதியான ராக்கரின் உள்தகடு கன்வர்ட்டிபிளில் தடிமனானது. முன்சீட்டுக்குக் கீழே, தரைத் தகட்டின் அடிப்புறத்தில், ராக்கரை நோக்கிக் குறுக்கே ஓடும் அழுத்தமான வலுவூட்டும் தகடு இருக்கும். முன் ஃபிரேம் ரெயில் முடியும் இடத்திலிருந்து ராக்கர் வரை இணைக்கும் டார்க் பாக்ஸ் இடது, வலது இரண்டு பக்கமும் இருக்கும். இந்த மூன்றில் எதுவாவது இல்லையென்றால் அது கன்வர்ட்டிபிளாகப் பிறந்த பாடி அல்ல, அல்லது யாரோ துருவோடு சேர்த்து வெட்டி எறிந்துவிட்டார்கள். இரண்டுமே ஆபத்து. ஆனால் மூன்றும் இருப்பதால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. இந்தத் தகடுகள் எல்லாம் புதிதாக விலைக்குக் கிடைக்கின்றன. எனவே இருக்கிறதா என்பதோடு நிற்காமல் எப்படிப் பற்றவைத்திருக்கிறது என்று பாருங்கள். மொத்த அடிப்பகுதியும் தடிமனான கறுப்பு அண்டர்கோட்டிங்கால் புதிதாக மூடியிருந்தால் ஒரு மூலையில் தின்னர் தொட்ட துணியால் துடைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

மேலே வாருங்கள். கூபேயின் கூரைத் தூண் பின் குவார்ட்டர் பேனலில் (பின்சக்கரத்துக்கு மேலுள்ள பக்கத் தகடு) சேரும் இடத்தை அறுத்தால், அந்தத் தழும்பை மறைக்கப் பட்டி பூசியாக வேண்டும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைப் பின்சீட்டுக்குப் பக்கவாட்டில் குவார்ட்டர் பேனலின் மேல் விளிம்பு நெடுக நகர்த்துங்கள். அங்கே ஒட்டாமல் நழுவினால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பின்சீட்டை எடுத்துவிட்டால் அதிகம் தெரியும். அசல் கன்வர்ட்டிபிளில் மடிந்த கூரை உட்காருவதற்கான பள்ளம், கூரைச் சட்டத்தின் சுழலும் முனையைத் தாங்கும் பிராக்கெட்டுகள், அவற்றைப் பற்றவைத்த உள் தகடு எல்லாம் தொழிற்சாலை வேலையாக இருக்கும். பின்சீட்டும் கூபேயைவிடக் குறுகல். மின்கூரை உள்ள வண்டியில் ஹைட்ராலிக் பம்ப் சீட்டுக்குப் பின்னால் இருக்கும். ஆனால் மின்கூரை அந்தக் காலத்தில் விருப்பத் தேர்வு, கையால் மடிப்பதும் அசல்தான். முன்னால் விண்ட்ஷீல்டின் மேல் சட்டத்தைத் தடவிப் பாருங்கள்: கூரையைப் பூட்டும் கொக்கி விழும் இடம் சட்டத்திலேயே அமைந்ததா, அல்லது கூபேயின் நெற்றித் தகட்டை அறுத்து மடித்து அதன்மேல் திருகியதா?

புதுப் பாடி என்பதும் உண்டு. டைனகார்ன் நிறுவனம் ஃபோர்டின் உரிமத்தோடு பழைய மஸ்டாங் பாடிகளை முழுதாகப் புதிதாகவே அடித்து விற்கிறது. அது நல்ல இரும்புதான், துரு இல்லை. ஆனால் அதில் பழைய வண்டியின் எண்ணை ஒட்டிவிட்டு ‘1965 அசல்’ என்றால் அது பொய். எல்லாத் தகடும் ஒரே வயதாக, அடியில் எங்குமே அறுபது வருட அழுக்கின் சுவடு இல்லாமல் இருந்தால் கேளுங்கள்.

தொய்வும் நீரும்

அசலா என்பதோடு, அசலாகவே இருந்தாலும் நிற்குமா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. கன்வர்ட்டிபிளில் இரண்டையும் பிரிக்க முடியாது. நடுப்பகுதி தொய்ந்தால் கதவின் பின் இடைவெளி மேலே குறுகி கீழே விரியும். முதலில் சமதளத்தில் நிறுத்தி இரு கதவுகளின் இடைவெளியை மேலும் கீழும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பக்க முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பும்வரை ஜாக்கி போட்டு அதே இடங்களை மறுபடி அளந்து, கதவைத் திறந்து மூடுங்கள். கதவு தடுமாறினாலோ, இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ ராக்கர் போய்விட்டது. இதைவிடக் கெட்டது ஒன்று உண்டு: தரையையும் ராக்கரையும் மாற்றியவர் கதவுத் திறப்பில் குறுக்குக் கம்பி கட்டாமல் வெட்டியிருப்பார். பாடி தொய்ந்த நிலையிலேயே புதுத் தகடு பற்றிக்கொண்டிருக்கும். துரு இருக்காது, வெல்டிங் அழகாக இருக்கும், கதவு மட்டும் காலத்துக்கும் சேராது. இதற்கு டேப் போதும். முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை 108 அங்குலம். சக்கரத்தை நேராக வைத்து இரு பக்கமும் அளந்து, கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் ஏன் என்று தெரியாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

விண்ட்ஷீல்டுக்குக் கீழே காற்று உள்ளே போகும் சல்லடை இருக்கிறதே, அதற்குள் உள்ள கவுல் பகுதிதான் மஸ்டாங்கின் பரம்பரை நோய். இலை தழை விழுந்து, ஈரம் தேங்கி, உள்ளே துரு பிடிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு குடம் தண்ணீரை இடது பக்கம் மெதுவாக ஊற்றி டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடியுங்கள், பிறகு வலது பக்கம். கார்ப்பெட்டில் சொட்டினால் கவுலை முழுதாகப் பிரிக்க வேண்டும். வரிசை வரிசையாக ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து எடுக்கும் வேலை அது, பெயிண்டோடு சேர்த்து. விற்பவர் கழுவித் துடைத்த வண்டியை நனைக்கத் தயங்குவார். தயக்கமே பாதி பதில்.

எஞ்சின், ஆக்சில், மற்ற இரும்புகள்

‘நம்பர்ஸ் மேட்சிங்’ (எஞ்சினில் அடித்த எண் வண்டி எண்ணோடு பொருந்துகிறது) என்ற வார்த்தையை விளம்பரத்தில் பார்த்தால் நின்று யோசியுங்கள். 65–66இல் ஃபோர்டு சாதாரண 289 எஞ்சின்களில் வண்டி எண்ணை அடிக்கவில்லை; கே எஞ்சினில் அடித்தது. ஆகவே சி கோடு, ஏ கோடு வண்டியில் பொருந்துவதற்கு எண்ணே இல்லை. தேதி பொருந்துகிறதா என்று மட்டும்தான் பார்க்க முடியும். ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் பிளாக்கில் வார்ப்பு எண்ணும் தேதியும் இருக்கும். தேதி ‘5, சி, 12’ என்ற பாணியில் வரும்: 1965 மார்ச் 12. வண்டி செய்த தேதிக்குச் சில வாரம் முந்தியிருந்தால் சரி. பிந்தியிருந்தால் அந்த பிளாக் இந்த வண்டியில் பிறக்கவில்லை.

வார்ப்பு எண்ணின் முதல் எழுத்து பத்தாண்டைச் சொல்லும்: சி அறுபதுகள், டி எழுபதுகள், இ எண்பதுகள். அடுத்த இலக்கம் ஆண்டு. சிலிண்டர் ஹெட்டில் இ7 என்று தொடங்கினால் அது எண்பதுகளின் ஹெட், 5.0 லிட்டர் வி8இல் வந்த வகை, 289இனது இல்லை. ஹெட்டைக்கூடக் கழற்றாமல் பார்க்க ஒரு வழி, பிளக் வயர்களின் வரிசை: 289க்கு 1-5-4-2-6-3-7-8, எண்பதுகளின் 5.0 எச்ஓவுக்கும் 351 விண்ட்சருக்கும் 1-3-7-2-6-5-4-8. 5.0 எஞ்சின் மாற்றியதில் குறை இல்லை, நல்ல எஞ்சின். ஒன்று மட்டும் கவனியுங்கள். 289க்கான ஃபிளைவீலும் முன் பேலன்சரும் 28 அவுன்ஸ் சமநிலை, 1982க்குப் பிந்தைய 5.0க்கு 50 அவுன்ஸ். பழையதையும் புதியதையும் கலந்து மாட்டியிருந்தால் வேகம் ஏற ஏற வண்டி உதறும். கிராங்க் பேரிங் கொஞ்ச நாளில் போகும். ஓட்டிப் பார்க்கும்போது கிளட்சை மிதித்து 2,500, 3,000 சுற்று வரை ஏற்றிக் கேளுங்கள்.

ஆறு சிலிண்டர் வண்டி வி8 ஆனதா என்பதற்குச் சக்கரம் முதல் சாட்சி. ஆறு சிலிண்டருக்கு நான்கு நட்டு, வி8க்கு ஐந்து. முன்னால் மட்டும் ஐந்து, பின்னால் நான்கு என்று நிற்கும் வண்டிகளும் உண்டு; வேலை பாதியில் நின்ற அடையாளம். ஆறு சிலிண்டரின் பின் ஆக்சில் 7¼ அங்குலம், பின்பக்கம் மூடி போட்டது. வி8க்கு 8 அங்குலம், முன்பக்கமாகக் கழற்றும் வகை. கே கோடுக்கு 9 அங்குலம். 8ஐயும் 9ஐயும் கண்டுபிடிக்கச் சாக்கெட் ஸ்பேனர் போதும்: முன்பக்கத்து நட்டுகள் எல்லாவற்றிலும் சாக்கெட் நேராக உட்கார்ந்தால் 8, கீழே இரண்டு நட்டில் உட்காராமல் ஓப்பன் ஸ்பேனர் தேவைப்பட்டால் 9. ஆறு சிலிண்டரின் டிரம் பிரேக்கும் சிறியது, ஸ்டியரிங் இணைப்புகளும் மெல்லியவை. எஞ்சினை மட்டும் மாற்றி இவற்றை விட்டுவைத்தவர் வண்டியை வேகமாக்கினார், நிறுத்த வழி செய்யவில்லை.

கே கோடு என்று விலை கேட்டால் எண்ணில் கே இருக்க வேண்டும், அது பேச்சுக்கே இடமில்லாத நிபந்தனை. அதன்மேல்: 65இல் கே எஞ்சினுக்கு நான்கு கியர் மட்டும்தான், ஆட்டோமேட்டிக் 66இல் வந்தது. தொழிற்சாலை ஏசியும் பவர் ஸ்டியரிங்கும் அதற்குக் கிடையாது. டிஸ்ட்ரிப்யூட்டரில் இரண்டு பாயிண்ட் செட், வேக்குவம் டயாஃபிரம் இல்லை. சாலிட் லிஃப்டர் (வால்வை இயக்கும், எண்ணெய் மெத்தை இல்லாத பாகம்) என்பதால் ஐடிலில் தையல் மெஷின் போலச் சத்தம் வரும். முழு அமைதியாக ஓடும் கே எஞ்சினில் லிஃப்டரையும் கேம்ஷாஃப்டையும் மாற்றியிருக்கிறார்கள்.

‘64½’ என்று கூடுதல் விலை கேட்பவரிடம் எண்ணில் யு, எஃப், 289 டி ஆகியவற்றில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். கே என்றால் தேதியைப் பாருங்கள். அந்த வண்டிகளில் ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ, டாஷ்போர்டில் ‘ஜென்’ என்ற எச்சரிக்கை விளக்கு. டைனமோவைக் கழற்றி ஆல்டர்னேட்டர் போடுவது எல்லாரும் செய்த நல்ல மாற்றம். ஆகவே அது இல்லாததைக் குறையாகச் சொல்ல வேண்டாம்.

ஜிடி, ஷெல்பி

ஜிடி என்பது எண்ணிலும் வராது, கதவுத் தகட்டிலும் வராது. அதனால்தான் இத்தனை போலி. ஜிடி பாகங்கள் 1965 ஏப்ரலில் அறிமுகம். ஏ, கே எஞ்சின்களுக்கு மட்டும். சி கோடு வண்டியோ, 1964இல் செய்த வண்டியோ தொழிற்சாலை ஜிடி ஆக முடியாது. இந்த இரண்டு கேள்வியிலேயே பாதி வண்டிகள் விழுந்துவிடும். மிச்சத்துக்கு அடியில் போங்கள். கிரில்லில் பனி விளக்கு, கதவுக்கடியில் கோடு, ஐந்து வட்ட மீட்டர், பின் வேலன்ஸ் (பின் பம்பருக்குக் கீழுள்ள தகடு) வழியாக வரும் இரட்டை எக்ஸாஸ்ட் முனை எல்லாமே விலைக்குக் கிடைப்பவை. அந்தக் காலத்து டீலர்களே பொருத்திக் கொடுத்ததும் உண்டு. தொழிற்சாலை வண்டியில் இரட்டை எக்ஸாஸ்டைத் தொங்கவிடுவதற்காகப் பின் ஃபிரேம் ரெயிலில் வலுவூட்டிய தகடுகள் ஸ்பாட் வெல்டிங்கில் சேர்ந்திருக்கும். பின்னால் பொருத்தியவர்கள் பெரும்பாலும் துளை போட்டுத் திருகாணி இறக்கியிருப்பார்கள். முன் டிஸ்க் பிரேக், 16:1 விகித ஸ்டியரிங் பாக்ஸ் (சாதாரணத்தில் 19:1) ஆகியவையும் ஒத்துப்போனால் நம்பலாம்.

ஷெல்பி ஜிடி350 (கரோல் ஷெல்பியின் நிறுவனம் மஸ்டாங்கை மாற்றிச் செய்த வேக வகை) கோடு போட்ட 65 கன்வர்ட்டிபிள் விற்பனைக்கு வந்தால், அழகாக இருந்தால், அழகான வண்டியின் விலை கொடுங்கள். 1965 ஜிடி350 அனைத்தும் ஃபாஸ்ட்பேக். கன்வர்ட்டிபிள்கள் 66இன் கடைசியில் விரல்விட்டு எண்ணும் அளவில் செய்யப்பட்டவை. அவை ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப் பதிவேட்டில் வண்டி எண்ணோடு இருக்கின்றன.

எந்த மாற்றத்தை ஏற்கலாம்?

65–66இல் பிரேக்குக்கு ஒற்றை அறை மாஸ்டர் சிலிண்டர்தான். ஒரு பைப் உடைந்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். 67இல் ஃபோர்டே இரட்டை அறைக்கு மாறியது. அந்த மாற்றம் செய்த வண்டிக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். முன் டிஸ்க், ஆல்டர்னேட்டர், டி-5 ஐந்து கியர், எலெக்ட்ரானிக் இக்னிஷன், முன்-பின் சப்ஃபிரேமை இணைக்கும் கனெக்டர் எல்லாம் திருப்பி எடுக்கக்கூடியவை அல்லது வண்டிக்கு நன்மை செய்பவை. பழைய பாகங்களை அட்டைப் பெட்டியில் போட்டுத் தருகிறாரா என்று கேளுங்கள். அந்தப் பெட்டிக்கும் விலை உண்டு.

ஷாக் டவரை அறுத்து மஸ்டாங் 2 (எழுபதுகளின் சிறிய மஸ்டாங்) வகை முன் சஸ்பென்ஷன் போட்டது வேறு கதை. பெரிய எஞ்சினுக்கு இடம் வரும், ஆனால் கன்வர்ட்டிபிளின் முன்பகுதிக்கு மிச்சமிருந்த பலமும் அந்த டவரில்தான் இருந்தது. கூடவே வண்டி எண் இருக்கும் ஏப்ரனும் பக்கத்திலேயே. வெட்டும்போது எண் போயிருக்கலாம். யார் வெட்டியது, என்ன வலுவூட்டல், படம் இருக்கிறதா என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். திரும்ப அசலாக்குவது நடக்காத காரியம்.

எல்லாம் சரியென்றால் உரிமைப் பத்திரத்தில் உள்ள எண்ணை ஏப்ரன் எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 8க்கும் 3க்கும், 5க்கும் எஸ் எழுத்துக்கும் அரசு அலுவலகத் தட்டச்சில் குழப்பம் வந்த பத்திரங்கள் உண்டு, அதைத் திருத்துவது விற்பவர் வேலை. விற்பனை ரசீதில் ‘கிளாசிக் மஸ்டாங்’ என்று பொதுவாக எழுத விடாதீர்கள். கன்வர்ட்டிபிள் பாடி 08, எஞ்சின் கோடு இன்னது, இப்போது உள்ள எஞ்சினின் வார்ப்பு எண் இன்னது, மாற்றிய பாகங்கள் இவை இவை என்று எழுதி விற்பவரின் கையொப்பம் வாங்குங்கள்.